நங்கூரம் எங்கே? உயரத்தில் ஏறுகிறவர்களைத் தரையில் பழக்கும் விதம்

திருகோணமலை உப்புவெளியில் மூன்று மாடி எழும்புகிற ஒரு கட்டடம். காலை ஏழு மணி. புதிதாக வேலைக்கு வந்த ஆறு பேரை மணலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கிண்ணியாவில் இருந்து இரண்டு பேர், மூதூரில் இருந்து ஒருவர், பாலையூற்றுப் பொடியன்கள் மூன்று பேர். ஒருவர் கையிலும் பாதுகாப்புப் பெல்ட் இல்லை. "என்ன அண்ணே, ஏற விடாம நிலத்தில நிப்பாட்டி வச்சிருக்கீங்க?" என்று ஒருவன் கேட்கிறான். ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். என்னிடம் பழகுகிறவர்கள் இரண்டாம் நாள் மாலை வரை ஆள் உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை.

நான் பதினேழு வயதில் மேசனுக்குக் கையாளாக நின்றவன். பிறகு கம்பி கட்டினேன், சாரம் கட்டினேன், மேற்பார்வைக்கு வந்தேன். இப்போது பதினொரு வருடமாகத் திருகோணமலையிலும் சுற்றுவட்டத்திலும் வேலைத்தளங்களில் பாதுகாப்புப் பழக்குவதுதான் என் தொழில். நாலைந்து பேரை வைத்து வேலை எடுக்கிற சின்னக் கொன்றாக்டர்மார், நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் நடத்துகிறவர்கள், கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் வர்ணம் பூச ஆள் பிடிக்கிற கோயில் சபையார் என்று பலர் கேட்பதால் என் முறையை எழுதி வைக்கிறேன்.

இந்த முறைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியசாலை. அஸ்பெஸ்டஸ் கூரையில் ஒழுக்கு அடைக்க இருபத்துமூன்று வயதுப் பொடியன் ஒருவன் ஏறினான். உள்ளே வெளிச்சம் விழுவதற்காகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் சீற் போட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் தூசி படிந்து, அதன் மேல் யாரோ வர்ணமும் அடித்து, மற்றத் தகடுகளின் சாம்பல் நிறத்துக்கே அது வந்துவிட்டிருந்தது. அவன் கால் அதில்தான் பட்டது. ஐந்து மீற்றர் ஆழம் இருக்கும், கீழே கொங்கிறீட் தரை. இடுப்பெலும்பும் ஒரு மணிக்கட்டும் உடைந்தன. உயிர் தப்பினான். ஒரு தோளில் சீமெந்து மூட்டை தூக்கி நடந்தவன் இன்று ஒரு கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான்.

அவனுக்குப் பயிற்சி கொடுத்ததாக ஒரு தாள் இருந்தது. அவன் கையெழுத்தும் இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. அரை மணித்தியாலம் நான் வாசித்தேன், அவர்கள் தலையாட்டினார்கள். வெளிச்ச சீற் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. நானும் வாயால் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு தாள் வாசிப்பதை விட்டுவிட்டேன். கையும் காலும் செய்து பழகாத எதையும் நான் பயிற்சி என்று எண்ணுவதில்லை.

முதல் நாள்: ஏறத்தான் வேண்டுமா?

பெல்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்வி. அன்றைய வேலையைச் சொல்லி, அதில் எவ்வளவைத் தரையில் முடிக்கலாம் என்று அவர்களிடமே கேட்பேன். தூண் கம்பிக்கூட்டைக் கீழே கட்டித் தூக்கி நிறுத்தலாம். பீலியைக் கீழே பொருத்தி ஒரே துண்டாக மேலே அனுப்பலாம். உட்சுவருக்கு நீளத்தடியில் றோலர் பூட்டி வர்ணம் அடிக்கலாம். ஒருமுறை கிண்ணியா நானா ஒருவர், பத்து வருடமாக மேலே நின்று செய்த ஒரு வேலையைக் கீழேயே செய்யலாம் என்று அந்த இடத்திலேயே கண்டுபிடித்தார். ஏறாதவன் விழுவதில்லை. அதற்குச் செலவும் இல்லை.

ஏறியே ஆகவேண்டிய வேலைக்கு அடுத்த கேள்வி: விளிம்பை மூடலாமா? முறையான சாரம், கைப்பிடிச் சட்டம், நிரப்பிய பலகை. இவை ஒருவருடைய கவனத்தை நம்பியிருப்பதில்லை. களைத்தவனையும் புதியவனையும் ஒரே மாதிரிக் காக்கும். பெல்ட் அதற்கும் பிறகுதான். விழுவதை அது தடுக்காது, விழுந்தவனைப் பிடிக்கும், அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டு வந்த உயரப்பணி ஒழுங்குவிதிகளும் இதே வரிசையில்தான் போகின்றன: தவிர், தடு, விழுந்தால் பாதிப்பைக் குறை. நம்மூரில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெல்ட் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று எண்ணுகிறார்கள்.

உயரம் என்றால் எவ்வளவு என்றும் கேட்பார்கள். அந்தப் பிரித்தானிய விதிகளில் குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று இல்லை. விழுந்து காயப்படக்கூடிய எந்த இடமும் உயரம்தான். இரண்டு மீற்றரில் இருந்து விழ ஒரு செக்கனில் மூன்றில் இரண்டு பங்குகூடப் பிடிக்காது. தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீற்றருக்கு மேல். "எட்டிப் பிடிச்சிருவன் அண்ணே" என்று சொல்கிறவனைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்வேன். அவனுக்குக் கிடைக்கிற நேரம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மூட்டை விழுந்த அன்று

பேசிக்கொண்டே இருந்தால் பொடியன்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். அதனால் முதல் நாள் பத்து மணிப் பிளேன்ரீக்கு முன் ஒன்று செய்து காட்டுவேன். மழையில் நனைந்து கல்லாகிப் போன சீமெந்து மூட்டை எந்த வேலைத்தளத்திலும் ஒன்றிரண்டு கிடக்கும். 50 கிலோ. அதை இறுகக் கட்டி, பழைய நைலோன் கயிற்றில் ஒன்றரை மீற்றர் அளவில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை மேலே இரும்பு உத்திரத்தில் கட்டுவேன். கீழே நாடா கட்டி எல்லாரையும் தள்ளி நிறுத்துவேன். கயிற்றை ஒவ்வொருவரும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துவிட்டு, "நல்ல கயிறு, வள்ளமே கட்டலாம்" என்பார்கள்.

மூட்டையைத் தள்ளிவிடுவேன். ஒரு தடவை கயிறு அறுந்த சத்தம் துவக்குவெடி மாதிரிக் கேட்டது. மூட்டை மணலில் இறங்கி அரை அடிக்குப் புதைந்தது. ஒருவரும் பேசவில்லை. மூதூர்த் தம்பி போய்க் கயிற்றின் முனையை எடுத்துப் பார்த்தான். நார்கள் உருகினது போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "இழுக்கேக்க ஒண்டும் ஆகேல்லையே" என்றான். அவன் சொன்னதுதான் பாடம். தொங்குகிற பாரம் வேறு, விழுந்து நிற்கிற பாரம் வேறு. மனிதன் 50 கிலோ மட்டும் இல்லை.

பிறகு அதே அளவு மூட்டையை அதிர்வு தாங்கி வைத்த பெல்ட் கயிற்றில் விழுத்திக் காட்டுவேன். கயிற்றோடு சேர்த்து மடித்துத் தைத்த ஒரு சிறு பொதிதான் அந்த அதிர்வு தாங்கி. விழும்போது தையல் கிழிந்து கிழிந்து விரியும், மூட்டை மெல்ல நிற்கும். கிழிந்த பொதியை எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் செய்வேன். ஒருமுறை விரிந்தது மறுபடி உதவாது என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லத் தேவைப்பட்டதில்லை.

நங்கூரம்

எங்கள் பொடியன்களில் அரைவாசிப் பேர் கடற்றொழில் செய்த வீட்டுப் பிள்ளைகள். பெல்ட் கயிற்றைக் கொளுவுகிற இடத்துக்குப் புத்தகங்களில் நங்கூரப் புள்ளி என்று எழுதியிருக்கும். அவர்களுக்கு நான் அதை விளக்குவதேயில்லை. "வாடைக்காத்து நேரம் வள்ளத்த எதில கட்டுவீங்க?" என்று மட்டும் கேட்பேன். தென்னையில் கட்டுவோம், ஆழ அடித்த கட்டையில் கட்டுவோம் என்பார்கள். "பட்ட வேலித் தடியில கட்டுவீங்களா?" சிரிப்பார்கள். பிறகு அவர்களோடு வேலைத்தளத்தைச் சுற்றி நடப்பேன். ஒவ்வொருவரும் கொளுவ நினைக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடுவார்கள், யன்னல் சட்டத்தை, பீலியை, சாரத்தின் குறுக்குச் சட்டத்தை, கொங்கிறீட்டில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பியைத் தொடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "வேலித் தடி" அல்லது "தென்னை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு பலம் வேண்டும்? ஐரோப்பியத் தரத்தில் ஒருவருக்கான நங்கூரம் 12 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். அந்த அலகு எங்கள் பொடியன்களுக்குத் தெரியாது. 24 சீமெந்து மூட்டை என்றால் தெரியும். 24 மூட்டையை அதில் தொங்கவிட்டால் நிற்குமா என்று யோசி. கொங்கிறீட் தூணைச் சுற்றிய பட்டி நிற்கும், நன்றாகப் பொருத்திய இரும்பு உத்திரம் நிற்கும். சந்தேகமாக இருந்தால் பொறியியலாளரைக் கேள். கேட்டு வரும்வரை ஏறாதே.

அடுத்ததாகத் தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறுவேன். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்காத இடங்கள் மிக அதிகம். கயிறு 1.8 மீற்றர். அதிர்வு தாங்கி முழுக்க விரிந்தால் 1.75 வரை போகலாம். பெல்ட்டின் முதுகுப் பக்கம் கயிறு பூட்டுகிற வளையத்தில் இருந்து கால் வரை ஏறத்தாழ 1.5. காலுக்குக் கீழே மிச்சம் 1 மீற்றர் விட வேண்டும். கூட்டச் சொன்னால் 6.05 என்பார்கள். கொளுவிய இடத்தில் இருந்து கீழ்நோக்கி ஆறு மீற்றருக்கு மேல் வெறும் இடம் இருந்தால்தான் அந்தப் பெல்ட் உன்னைக் காக்கும். முதல் மாடித் தட்டில் நின்று தலை உயரத்தில் கொளுவினால் நிலம் ஐந்து மீற்றரில் வந்துவிடும். பெல்ட் போட்டிருந்தும் தரையில் அடிபடுவான். காலடியில் கொளுவினால் இன்னும் மோசம், விழுகிற தூரம் இரட்டிப்பாகும்.

உயரம் போதாத இடத்துக்கு வேறு வழி: கயிற்றை அளந்து குறுக்கிக் கட்டு, விளிம்புக்கே போக முடியாதபடி. கட்டையில் கட்டிய ஆடு பயிருக்கு எட்டாத அளவில் நிற்பது போல. இதைக் கட்டித் தரையிலேயே நடக்க விடுவேன். விளிம்பு என்று ஒரு செங்கல் வரிசை வைத்து, கயிறு இழுத்து நிறுத்துகிறதா என்று பார்ப்போம். பக்கவாட்டில் தூரம் போய் விழுந்தால் ஊஞ்சல் ஆடிப்போய்ச் சுவரில் மோதுவார்கள் என்பதையும் அப்போதே காட்டலாம். நங்கூரத்துக்கு நேர் கீழே வேலை செய்யப் பழக்குங்கள்.

உடம்பில் ஏற்றுவது

சாரம் உடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறக்கூடாது. இந்த ஒரு வசனத்தை எங்கள் பொடியன்கள் ஒருநாளும் மறப்பதில்லை. உடுப்பதற்கும் ஏறுவதற்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் கைகொடுக்கிறது. காற்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து, நாடி வார் கட்டிய தலைக்கவசம். ரப்பர் செருப்போடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவேன். சம்பளம் போகிறதே என்று கெஞ்சுவார்கள். அதனால் இரண்டு சோடி சப்பாத்துக் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

இடுப்புப் பெல்ட் உயரத்துக்கு ஆகாது. விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் அது நெரிக்கும். முழு உடல் பெல்ட்தான் வேண்டும். ஐரோப்பியத் தரம் ஈஎன் 361 என்று பட்டியில் தைத்த சீட்டில் இருக்கும். முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டிகள் தானாக விழுந்து சிக்கல் தெரியும். சட்டை போடுவது போலப் போடு. வளையம் இரண்டு தோட்பட்டைக்கும் நடுவே நிற்க வேண்டும். தொடைப் பட்டிக்குள் உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கலாம், கையைப் பொத்தி நுழைக்க முடியக்கூடாது. நெஞ்சுப் பட்டியை விடாதே. பிறகு ஒருவர் போட்டதை இன்னொருவர் கையால் தடவிப் பார்ப்பார். தானே தன் முதுகைப் பார்க்க ஒருவராலும் முடியாது.

பாலையூற்றுத் தம்பி ஒருவன் ஒருநாள் கேட்டான்: "என்ர அப்பா முப்பது வருசம் பனை ஏறினவர். அவர் என்ன பெல்ட்டா போட்டவர்?" நான் அவனை மறுக்கவில்லை. "அப்பா ஏறின விதத்தச் சொல்லு" என்றேன். காலில் மாட்டுகிற தளைநாரை ஏற முதல் இழுத்துப் பார்ப்பார் என்றான். மழை ஈரம் இருந்தால் ஏறமாட்டார். கால் பிடிக்காமல் கையை எடுக்கமாட்டார். "அதத்தான் தம்பி நானும் சொல்லித் தாறன்" என்றேன். அன்றில் இருந்து ஏணிப் பாடத்தை அவன்தான் நடத்துகிறான். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும், எப்போதும் மூன்று பிடி. இரட்டைக் கயிறு உள்ள பெல்ட்டிலும் இதே பழக்கம்தான்: ஒரு கொக்கி பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் மற்றக் கொக்கி கழரும்.

ஏணியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி அடி. மேல் நுனி இறங்குகிற இடத்தைத் தாண்டி ஒரு மீற்றர் நிற்க வேண்டும். மேலே கட்டு, கட்டும்வரை கீழே ஒருவர் பிடிக்கட்டும். வாளியைக் கையில் கொண்டு ஏறாதே, கயிற்றில் இழு. மின்கம்பி போகிற பக்கம் அலுமினிய ஏணி கொண்டு போகவே வேண்டாம். நம் தெருக்களில் 33,000 வோல்ற் கம்பியும் போகிறது. குறைந்தது 3 மீற்றர் தள்ளி நில். நீளக் கம்பியையோ தகரத்தையோ தூக்கித் திருப்பும்போது அந்த 3 மீற்றர் அதன் நுனியில் இருந்து கணக்கு. அதைவிடக் கிட்டப் போகத்தான் வேண்டும் என்றால் மின்சாரம் வழங்குகிற நிறுவனத்தைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்து.

சாரம்

நிலாவெளியில் சாரம் கட்டுவது மணலில் கட்டுவது. மணல் காலை விழுங்கும். இரும்புத் தட்டும் அதற்குக் கீழே அகலப் பலகையும் இல்லாமல் ஒரு காலையும் ஊன்றக்கூடாது. பலகைத் தட்டு இடைவெளியில்லாமல் நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு பலகை மட்டும் போட்டு அதில் நடப்பதைத் தினம் பார்க்கிறேன். மேல் கைப்பிடி குறைந்தது 950 மில்லிமீற்றர், நடுவில் ஒரு சட்டம், ஓரத்தில் சுத்தியல் உருண்டு விழாதபடி ஒரு கால்பலகை. சுவரோடு கட்டு. சில்லு வைத்த சாரத்தைத் தள்ளும்போது மேலே ஒருவரும் இருக்கக்கூடாது, தூரம் இரண்டடி என்றாலும்.

கோயில் கோபுரத்துக்கு இன்னமும் மரத்தில் கயிற்றுக்கட்டுச் சாரம் போடுகிறார்கள். அதைக் கட்டுகிற முதியவர்களின் கைத்திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் கயிறு வெயிலிலும் மழையிலும் தளரும். திருப்பணி மாதக்கணக்கில் இழுபடும். முதல் வாரம் போட்ட முடிச்சை மூன்றாம் மாதம் நம்பி ஏறுவதுதான் ஆபத்து. வாரம் ஒருமுறை ஒவ்வொரு முடிச்சையும் ஒருவர் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும், பலத்த காற்றுக்கும் மழைக்கும் பிறகு மறுபடியும். பிரித்தானிய விதியிலும் சாரத்துக்கு ஏழு நாள் கணக்குத்தான்.

கூரை

இதில் நான் அவசரப்படுவதில்லை. அரை நாள் ஒதுக்குகிறேன்.

"ஆணி வரிசையில கால வச்சா ஒண்டும் ஆகாது" என்பது நம்மூரில் மேசன்மார் வழிவழியாகச் சொல்லி வருவது. ஆணிக்குக் கீழே சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தின் அகலம் உள்ளங்கை அளவு. கால் சற்று வழுக்கினால், நிலை தடுமாறி ஒரு கையை ஊன்றினால், பாரம் தகட்டில் விழும். அஸ்பெஸ்டஸ் பழையதானால் எச்சரிக்காமல் உடையும். வளைந்து காட்டாது. பழைய தகட்டுத் துண்டு ஒன்றை இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து, மண் மூட்டையை அதன் மேல் போட்டுக் காட்டலாம். தகட்டை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், தூசியைச் சுவாசிக்க விடாதீர்கள். அது நுரையீரலைக் கெடுக்கிற தூசி.

அதனால் எந்த அஸ்பெஸ்டஸ் கூரையையும் உடையும் கூரை என்றே எண்ணப் பழக்குகிறேன். கீழே இருந்து செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால் குறைந்தது மூன்று சட்டத்துக்குக் குறுக்கே நீளுகிற அகலப் பலகை, அதன் மேல்தான் நடை. பலகையை நகர்த்த இரண்டாவது பலகை வேண்டும். அதோடு பெல்ட், கீழே வலை கட்ட முடிந்தால் வலை. ஏறுவதற்கு முன் கட்டடத்துக்குள் போய் அண்ணாந்து பார். வெளிச்ச சீற் மேலே நின்றால் தெரியாது, உள்ளே நின்றால் பளிச்சென்று தெரியும். எத்தனை, எந்த வரிசையில் என்று எண்ணிக் கடதாசியில் கீறி, மேலே போய் அந்த இடங்களைச் சிவப்பு நாடாவால் மூடு. சீனக்குடாவில் அன்றைக்கு ஒருவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

கொங்கிறீட் தட்டில் விடுகிற ஓட்டையும் கூரையைப் போலத்தான். அதை ஒரு பிளைவூட் துண்டால் மூடுவார்கள். பிறகு துப்புரவாக்க வருகிறவர் குனிந்து அந்தத் துண்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்குவார். தூக்கினதும் முன்னால் ஒரு அடி வைப்பார். கீழே இருக்கிறதைத் தூக்கிய பலகையே மறைத்திருக்கும். இதைத் தரையில் நடிக்க வைப்பேன். ஓட்டைக்குப் பதில் சோக்கட்டி வட்டம். பத்துப் பேர் தூக்கினால் ஏழெட்டுப் பேர் வட்டத்துக்குள் கால் வைப்பார்கள், தெரிந்திருந்தும். மூடியை ஆணியடித்து இறுக்கி, "கீழே ஓட்டை" என்று தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பில் எழுதுங்கள்.

காற்று, வெயில், நோன்பு

மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும். காய்ந்த, சூடான காற்று. நிலத்தில் நிற்கிறவருக்குத் தெரிவதைவிட மூன்றாம் மாடியில் அது பலம். தகரம் தூக்குகிறவர் கையில் தகரம் இல்லை, பாய்மரச் சீலை இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் தகர வேலையை விடியற்காலைக்கு மாற்றுவேன், காற்று ஏறினால் நிறுத்துவேன். மாரியில் வாடை மழை. நனைந்த பலகையும் பாசி பிடித்த ஓடும் ஒரே வழுக்கல்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் தலை சுற்றும். தலை சுற்றினால் விழுவார்கள். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் ஆட்களை மதியத்துக்குப் பிறகு உயரத்துக்கு அனுப்புவதில்லை. காலையில் ஏறுவார்கள், பிறகு கீழே கம்பி வளைப்பார்கள். கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிற பொடியன்களுக்கும் அப்படித்தான். சம்பளத்தில் ஒரு சதம் குறையாது. குறைப்பதாக இருந்தால் விரதத்தை ஒளிப்பார்கள்.

ஒளிப்பது என்றால் இன்னும் உண்டு. வலிப்பு, இரத்த அழுத்தத்துக்கு எடுக்கிற மாத்திரை, முதல் நாள் இரவுக் குடி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய நித்திரையில்லாமை. இவற்றை எல்லார் முன்னாலும் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நான் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்பேன். சொன்னதற்காக ஒருவரையும் வேலையில் இருந்து நிறுத்தினதில்லை. கீழே எப்போதும் வேலை இருக்கும்.

இரண்டாம் நாள்: பிழை தேடுதல்

விடிய முன் போய் நான் ஏழு பிழை செய்து வைப்பேன். சாரத்தில் ஒரு ஆப்பைக் கழற்றுவேன். பட்டியில் கத்திக்கீறல் விழுந்த பெல்ட் ஒன்றை நல்ல பெல்ட்டுகளோடு தொங்கவிடுவேன். ஒரு கொக்கியை பிவிசி குழாயில் மாட்டுவேன். ஏணியை நட்டமாக நிறுத்துவேன். ஒரு கால்பலகையை எடுத்து மறைப்பேன். வெறும் பிளைவூட் துண்டால் சோக்கட்டி வட்டத்தை மூடுவேன். அதிர்வு தாங்கி விரிந்த கயிற்றைச் சுருட்டி நாடாவால் கட்டி வைப்பேன். சோடி சோடியாகத் தேட வேண்டும். ஏழையும் கண்டுபிடித்தவர்தான் அன்று மாலை சாரத்தின் முதல் தட்டுக்கு ஏறுவார். மற்றவர்கள் மறுபடி. அவமானப்படுத்துவதில்லை. தவறவிட்ட பிழையைக் கண்டவர்தான் காணாதவருக்குக் காட்டிக்கொடுப்பார். கந்தளாயில் இருந்து வருகிற சிங்களத் தம்பிமாருக்கும் இந்தப் பாடத்தில் மொழி தடையாவதில்லை. கையைக் குறுக்கே கட்டிக் காட்டினால் "நிறுத்து" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரு சைகையைப் பழக்கிவிட்டோம்.

அந்தச் சைகையை மேற்பார்வையாளரும் மதிக்க வேண்டும். பயமாக இருக்கிறது என்று இறங்கி வந்தவனை ஒருமுறை ஏசினால், நீங்கள் கொடுத்த பயிற்சி முழுவதும் அந்த இடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள்.

முதலாளிமாருக்கு ஒன்று. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. நாட்கூலி ஆள்தானே என்று அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பயிற்சிக்கு அவர்களையும் தொழில் திணைக்களத்தையும் கேளுங்கள்.

விழுந்தால்

பெல்ட்டில் ஒருவர் தொங்கினால் எப்படி இறக்குவது என்று ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். நிமிடக் கணக்குத்தான். நினைவு இருந்தால் காலை மிதித்து ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல். எந்த ஏணி, யார் ஏறுவார், யார் கயிறு பிடிப்பார் என்று பெயர் சொல்லி வைத்து, மண் மூட்டைக்குப் பெல்ட் போட்டுத் தொங்கவிட்டு ஒத்திகை பார்க்கிறோம். முதல் ஒத்திகையில் பதினாறு நிமிடம் எடுத்தார்கள். ஏணி எங்கே என்று தேடியதில்தான் பாதி நேரம் போனது. இப்போது ஏணிக்கு என்று ஒரு இடம் இருக்கிறது.

தரையில் விழுந்தவரைத் தூக்கி ஓட்டோவில் மடித்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நம் வழக்கம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த மடிப்பு அவரை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடும். 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். இரத்தம் வந்தால் துணியால் அமத்துங்கள். ஒருவர் றோட்டுக்குப் போய் நின்று வழி காட்டட்டும். நிலாவெளி ஒழுங்கைகளில் பெயர்ப்பலகை இருக்காது.

சனிக்கிழமை

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பெல்ட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். கடற்காற்று கொக்கியின் சுருள்வில்லை ஒரு மாரிக்குள் துருவேற்றிவிடும். ஈரச் சீமெந்தின் காரம் பொலியெஸ்டர்ப் பட்டியை அரிக்கும். தின்னர் பட்டால் பட்டி இறுகி வெளிறும். நிழலில் தொங்கவிட்டுக் காய வைக்கிறோம், வெயிலில் இல்லை. காய்ந்த பிறகு பட்டியை விரலுக்கு மேல் வளைத்து அடியில் இருந்து நுனி வரை பார்ப்போம். வெட்டு, தீப்பொறி பட்ட ஓட்டை, அறுந்த தையல். கொக்கி தானாக மூடிப் பூட்டுகிறதா என்று காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்போம். பார்த்தவர் தேதி போட்டுக் கொப்பியில் எழுதுவார்.

பழுதானதை அந்த இடத்திலேயே கத்தியால் முழ நீளத் துண்டுகளாக வெட்டுகிறோம். மாடு கட்ட, மோட்டார் சைக்கிளில் சாமான் கட்ட என்று கேட்பார்கள். துண்டுகளைத்தான் கொடுப்பேன். முழுதாகப் போனது ஒருநாள் வேறொரு கூரையில் ஒரு மனிதனின் முதுகில் திரும்பி வருவதை ஆண்டாங்குளத்தில் நான் கண்டிருக்கிறேன்.